விரிப்பின் நடுவில்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? போனில் பேசினால் அம்மா காதில் விழும். அதனால்தான் கடிதம். படிப்பை விட்டு வேலைக்கு வரமாட்டேன் என்று நீ சொன்னதிலிருந்து அம்மா உன் பேச்சையே எடுப்பதில்லை.

உனக்குப் பதிலாக நான் பள்ளியை விட்டு அம்மா வேலை செய்யும் ஆஸ்பத்திரி லாண்டரிக்கு வந்து இத்தனை மாதமாகியும் ஈரப் படுக்கை விரிப்பை உதறத் தெரியவில்லை. அம்மாவும் நானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஒரே நேரத்தில் மேலே தூக்கி உதறினால் நடுவில் விரிப்பு எழும்பும், சுருக்கம் போகும். அம்மாவுக்குக் கோபம் இருக்கும் நாளில் நான் மேலே தூக்கும்போது அவள் கீழே அடிக்கிறாள். நடுப்பகுதி செத்ததுபோல் கிடக்கிறது. இஸ்திரிக்காரர் திருப்பி அனுப்புகிறார். "ஏண்டி சுண்டெலி, துணி உன்னைக் கடிச்சிருமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்கிறார். எனக்கு அழுகை வருகிறது.

உன் பாடத்தில் அலை வருகிறதாமே? நடு ஏன் அப்படிக் கிடக்கிறது?

உன்
சுண்டெலி


பிப்ரவரி 15

அன்புச் சுண்டெலிக்கு,

நீ தூக்கும்போது உன் கையிலிருந்து ஒரு மேடு ஓடுகிறது. அம்மா அடிக்கும்போது அவள் கையிலிருந்து ஒரு பள்ளம் ஓடி வருகிறது. இரண்டும் நடுவில் சந்திக்கும்போது மேட்டைப் பள்ளம் நிரவிவிடுகிறது. இரண்டும் மேடாக இருந்தால் ஒன்றோடொன்று கூடி இன்னும் உயரமாக எழும்பும்.

ஆனால் நடு அசையவில்லை என்பதால் அலை அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைக்காதே. இரண்டும் ஒன்றையொன்று தாண்டி, தன் உருவம் மாறாமல் எதிர்ப்பக்கம் போய்ச் சேரும். நம்பிக்கையில்லை என்றால் உன் கையைக் கவனித்துப் பார்.

மாதக் கடைசியில் விடுமுறை வருகிறது. அறையில் எல்லோரும் இப்போதே பெட்டி கட்டுகிறார்கள். நான் விடுதியிலேயே இருந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். வாசலில் என்னைப் பார்த்து அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் அப்புறம் எப்போதும் வரமாட்டேனடி.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

கவனித்தேன். நடு சும்மா கிடந்தது. ஆனால் அடுத்த நொடியே அம்மா அடித்த வேகம் என் விரலில் வந்து இறங்கியது! முனை கையை விட்டு நழுவி, விரிப்பு தரையில் விழுந்தது. "அவ இருந்திருந்தா தாளம் பிசகியிருக்காது" என்று அம்மா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாவம், சோப்புக்காரரைப் பிடித்துத் திட்டினாள்.

நீ வா. வீட்டுக்கு வேண்டாம், நேராக லாண்டரிக்கு வா. விடுமுறை தொடங்கியதும் வரும் வெள்ளிக்கிழமை காலையில் நான் துணி அலசும் தொட்டிக்குப் பின்னால் போய்விடுவேன். ஒளிந்துகொள்வதில் நான்தான் கெட்டிக்காரி ஆயிற்றே. என் முனை காலியாக இருக்கும். ஒன்றும் பேசாமல் எடுத்துக்கொள்.

சுண்டெலி


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

விடுதிக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

அன்று நீ முனையை எடுத்ததும் அம்மா ஓங்கிக் கீழே அடித்தாள். நடு எழும்பவில்லை. நான் தொட்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். "காலேஜ்ல சோறு போடறதில்லையா? கையில வலுவே இல்ல!" என்றாள். "போடறாங்கம்மா. நான் தூக்கறப்ப நீதான் கீழ அடிக்கிற" என்றாய். அதற்கு அம்மா உன்னை முறைத்தது மட்டும்தான் உனக்குத் தெரியும். அடுத்த விரிப்பு உங்களுக்கு நடுவில் எழும்பியதே, அப்போது அது அவள் முகத்தை மறைத்தது. நான் இருந்த பக்கத்திலிருந்து தெரிந்தது. அம்மா சிரித்தாள் அக்கா.

இவ்வளவு நாளும் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் இருந்தேன். எனக்கு எதுவுமே அசையாத மாதிரிதான் இருந்தது. இரண்டு பக்கத்து அன்பும் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது இப்போதுதான் தெரிகிறது.

லாண்டரியில் சாப்பாட்டு இடைவேளையில் இதை எழுதுகிறேன். யாருக்கு எழுதுகிறாய் என்று அம்மா கேட்கவில்லை. "சோப்புக் கையோட எழுதாதடி, எழுத்து கலைஞ்சிட்டா அவ எப்படிப் படிப்பா?" என்று தன் முந்தானையை நீட்டினாள்.

கையைத் துடைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உன்
சுண்டெலி