புரட்டாசியில் வந்த மான் ஈரல்

16-9-1967, சனி

நம்பர் ப்ளீஸ். நம்பர் ப்ளீஸ். காலையில் எங்கள் பசுவிடம் பதினைந்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலைக்கு என் பெயர் வந்துவிட்டது. பாக்கி உடம்புப் பரிசோதனை ஒன்றுதான். ரேணுகாம்பாள், வயது இருபத்தொன்று. கண் சரி, காது சரி, குரல் கேட்கவே வேண்டாம். ரத்தம்?

ஏழே முக்கால். குறைந்தது பத்து இருக்க வேண்டுமாம். டாக்டரம்மா என் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "என்னம்மா இது, சுண்ணாம்பு அடிச்ச சுவராட்டம் இருக்குது" என்றார். அக்டோபர் 16 மறுபடி வரவேண்டும். அன்றைக்கும் பத்து இல்லையென்றால் வேலை லிஸ்டில் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். மாத்திரை கொடுத்து, கீரை சொல்லி, பேரீச்சம்பழம் சொல்லி, கடைசியில் சொன்னார்: "எல்லாத்தையும்விட ஈரல்மா. வாரத்துல ரெண்டு நாள் சாப்பிடு, தானா ஏறிடும்."

இவ்வளவுதானே. ஈரல் என்றால் எனக்கு உயிர். பிள்ளையார்பாளையம் வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்து வந்தேன். வீட்டில் அம்மா கறிச்சட்டியைத் தேய்த்துக் கழுவி, பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

நாளைக்குப் புரட்டாசி ஒன்று.

17-9, ஞாயிறு

முப்பது நாள் அவகாசம். முப்பது நாளும் புரட்டாசி. காலண்டரை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன், ஒரு நாள்கூட மிஞ்சவில்லை.

எங்கள் வீட்டில் புரட்டாசி என்றால் முட்டை ஓடுகூட வாசல் தாண்டாது. அப்பா முசரவாக்கத்து வயலுக்குப் போகும்போதும் நெற்றியில் நாமத்தோடுதான் சைக்கிள் மிதிப்பார். சனிக்கிழமையானால் சொம்புக்கும் நாமம் போட்டு, பத்துப் பேரோடு தெருத்தெருவாகக் கோவிந்தா சொல்லி அரிசி வாங்கி வருவார். அந்த மனிதரிடம் போய், டாக்டரம்மா ஈரல் சாப்பிடச் சொன்னாங்கப்பா என்றேன். எனக்கு எவ்வளவு துணிச்சல்.

அப்பா கோபப்படவில்லை. "பெருமாள் குடுக்காத ரத்தத்தையா ஆடு குடுக்கப் போவுது?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

20-9

முருங்கைக்கீரை.

21-9

முருங்கைக்கீரை.

25-9, திங்கள்

இன்றைக்கு மாறுதலுக்கு முருங்கைக்கீரை அடை. பேரீச்சம்பழம் மென்று மென்று தாடை வலிக்கிறது. நம்பர் ப்ளீஸ் என்று சொன்னால் பாதி வார்த்தை பல்லில் ஒட்டிக்கொள்கிறது. பசு என்னைப் பார்த்து நீயும் நானும் ஒண்ணுதான் என்பதுபோல் அசைபோடுகிறது.

30-9, சனி

கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே புள்ளிகளின்மேல் சாய்ந்துவிட்டேன். கண் விழித்தபோது கன்னமெல்லாம் கோலமாவு. அம்மாவின் முகம் என்னுடையதைவிட வெளுத்திருந்தது. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வீட்டுக்கு வந்து விரலில் குத்தி ரத்தம் பார்த்தார். எட்டே கால். பதினான்கு நாளில் அரைதான் ஏறியிருக்கிறது. இந்தக் கணக்கில் போனால் வேலை கிடைக்காது. எனக்கே தெரிகிறது. கிடைக்காதுன்னு தெரிஞ்சும் ஏன் இப்படிச் சிரிச்சிக்கினு இருக்கேன்?

மதியம் கலியன் மாமாவுக்கு ஒரு கார்டு போட்டேன். அம்மாவின் தம்பி. ஜவ்வாது மலையில் விறகு காண்ட்ராக்டரிடம் மேஸ்திரி. எதற்குப் போட்டேன் என்று தெரியவில்லை. புலம்ப ஒரு ஆள் வேண்டாமா?

7-10, சனி

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

விடிந்தும் விடியாமலும் விறகு லாரி ஒன்று வாசலில் நின்றது. கலியன் மாமா குதித்து இறங்கினார். கையில் தேக்கு இலைப் பொட்டலம், அதைச் சுற்றி ஈரச் சாக்கு. "மான் ஈரல். நேத்து சாயங்காலம் காண்ட்ராக்டர் சுட்டாரு, லைசென்ஸ் துப்பாக்கி. பத்து ஆட்டு ஈரல் ஒரு மான் ஈரலுக்கு ஈடாவாது. மூலிகையா மேயற ஜீவன்மா" என்றார். ஒரு டம்ளர் காப்பிகூடக் குடிக்காமல் அதே லாரியில் ஏறிப் போய்விட்டார். மாமாவுக்கு எந்த மாசம் என்ன கிழமை என்ற நினைப்பே கிடையாது.

மூன்றாம் சனிக்கிழமை. அப்பா அப்போதுதான் சொம்போடு தெருமுனை தாண்டியிருந்தார். அம்மா தலைக்குக் குளித்து, ஈரப் புடவையோடு பெருமாள் தளிகைக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் நான், அரைக் கிலோ மான் ஈரலோடு.

"அப்பா ஆடுன்னுதானேம்மா சொன்னார், மான்னு சொல்லலையே" என்றேன். அம்மா சிரிக்கவில்லை. என்னையும் பொட்டலத்தையும் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வூட்டுக்குள்ள வாணாம். கொல்லையில வெந்நீர் அடுப்புல வெச்சிக்கோ. பழைய மண்சட்டி ஒண்ணு இருக்குது, ஆனதும் ஒடச்சிப்புடு. நான் தொடமாட்டேன். இங்க நின்னுக்கினு சொல்றேன், நீ செய்."

அப்புறம் நடந்ததுதான் கூத்து. அம்மா சமையலறைக் கதவருகில். நான் கிணற்றடியில். நடுவில் இருபது அடி. கத்தவும் கூடாது, பக்கத்துத் தறி வீட்டில் சிட்டிபாபு மாமா இருக்கிறார். அம்மா கையாலேயே பேசினாள். விரலால் உரித்துக் காட்டினாள், மேல்தோலை எடு என்று அர்த்தம். எடுத்தேன். இலையைப் பிரித்தபோதே அதன் நிறத்தைப் பார்த்து அசந்துவிட்டேன். பக்கத்து வீட்டுத் தறியில் ஓடுகிற அரக்குக் கலர் பட்டு அப்படியே. கொழுப்பு ஒரு துளி இல்லை. துண்டு போட்டு, மஞ்சள் பூசி, ஒரே அலசு. நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு. மிளகும் சீரகமும் அம்மா அம்மியில் நசுக்கி, வாழையிலையில் வைத்துத் தரையில் தள்ளிவிட்டாள். நான் உப்பை எடுத்ததும் இரண்டு கையையும் ஆட்டினாள். உப்பு கடைசியில்தானாம், முதலில் போட்டால் ஈரல் கல்லாகிவிடுமாம்.

வாசனை கிளம்பியது. அடடா, என்ன வாசனை. இருபத்தோரு நாள் கீரை தின்றவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் அந்த வாசனை என்னோடு நிற்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்து, சர்க்கரைப் பொங்கல்மேல் போய் உட்கார்ந்தது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தூபக்காலில் சாம்பிராணி போட்டேன். போதவில்லை. டப்பாவையே கவிழ்த்தேன்.

எங்கள் வீடு காணாமல் போய்விட்டது. புகை ஓட்டுக்கு மேலே ஏறியது. "ஏமாயிந்தி, ஏமாயிந்தி" என்று தெலுங்கில் கத்திக்கொண்டு தறியை விட்டு எழுந்து ஓடிவந்தார் சிட்டிபாபு மாமா. அவர் பின்னால் நான்கு நெசவாளிகள், ஆளுக்கொரு குடம். அவர்கள் பின்னால், தெருவில் புகையைப் பார்த்த கோவிந்தா கோஷ்டி முழுவதும். எல்லாருக்கும் முன்னால் அப்பா.

நான் அதற்குள் மூன்று துண்டை வாயில் போட்டிருந்தேன். சூடு. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனசில்லை. அப்பா கிணற்றடியில் வந்து நின்றார். என் கன்னத்தைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். தேக்கு இலையைப் பார்த்தார்.

"எங்கய்யா நெருப்பு?" என்று சிட்டிபாபு மாமா குடத்தோடு உள்ளே வரப் பார்த்தார். அப்பா நடுவில் போய் நின்றுகொண்டார். "ஒண்ணுமில்லபா. பொண்ணு சாம்பிராணி கொஞ்சம் ஜாஸ்தியாப் போட்டுடுச்சி. எல்லாரும் போங்கபா, தளிகை நேரமாச்சி" என்றார்.

எல்லாரும் போனார்கள். அப்பா கிணற்றில் நீர் இறைத்து மறுபடி தலைக்கு ஊற்றிக்கொண்டார். அம்மா சட்டியைக் குப்பையில் கொட்டச் சொல்லி எனக்கு ஜாடை காட்டினாள். அப்பா உள்ளே போய்க்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "மிச்சத்தையும் துன்னச் சொல்லு. பாதியில வுட்டா பாதி பாவமாயிடுமா?"

தின்றேன். அழுதுகொண்டே தின்றேன். அழும்போதும் ருசியாகத்தான் இருந்தது. அதற்கு நான் என்ன செய்ய?

9-10, திங்கள்

அப்பா என்னோடு பேசவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதைப் பசுவிடம் சொல்கிறார். "மாத்திர துன்னாச்சான்னு கேளு" என்கிறார் அதனிடம். நானும் பசுவிடமே பதில் சொல்கிறேன்.

12-10

கோலத்துக்குக் குனிந்தேன், நிமிர்ந்தேன், தலை சுற்றவில்லை. இன்னொரு தடவை குனிந்து நிமிர்ந்தேன். இல்லை. கண்ணாடியில் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். கொஞ்சம் சிவப்பா? கொஞ்சம்.

16-10, திங்கள்

பத்தே கால். பத்தே கால். பத்தே கால்.

டாக்டரம்மா இரண்டு தடவை பார்த்தார். "பரவாயில்லையே. என்னம்மா சாப்பிட்ட?" என்றார். முருங்கைக்கீரை டாக்டர் என்றேன். பொய் இல்லை, அதையும்தான் சாப்பிட்டேன்.

அப்பா வெளியே வேப்பமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன். நடுரோட்டில் கையைத் தூக்கி ஒரு கோவிந்தா போட்டார் பாருங்கள், ஊசி போட்டுக்கொள்ள நின்றிருந்த வரிசையே திரும்பியது. பிறகு என்னைப் பார்த்து, ஒன்பது நாளைக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடமே, "குந்து, போலாம்" என்றார். கேரியரில் உட்கார்ந்து வீடு வரைக்கும் நம்பர் ப்ளீஸ் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் திட்டவில்லை.

22-10, ஞாயிறு

ஐப்பசி. பரணிலிருந்து கறிச்சட்டி இறங்கிவிட்டது. அம்மா குழம்பு வைத்தாள். அப்பா வயிறு சரியில்லை என்று ரசம் சாதம் போதும் என்றார். நாளைக்கு எனக்கு முதல் நாள் வேலை. எந்தப் புடவை?

1-11-1967, புதன். தீபாவளி

எண்ணெய் ஸ்நானம், புதுப் புடவை, இட்லி, ஆட்டுக்கறிக் குழம்பு. எனக்கு இரண்டு மணிக்கு டூட்டி. ஒரு வாரமாக நிஜமான காதுகளுக்கு நம்பர் ப்ளீஸ் சொல்கிறேன். பசுவுக்குத்தான் வருத்தம்.

இலை போட்டாயிற்று. அப்பாவின் இலையில் இட்லியும் சர்க்கரையும் மட்டும். தீபாவளியன்று அப்பா கறி இல்லாமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "இன்னும் வயிறு சரியாகலையாப்பா?" என்றேன். அவர் இட்லியைப் பிட்டார். அம்மாதான் சொன்னாள்.

"வயிறும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஐப்பசி முழுக்க அவருக்குப் புரட்டாசிதான். அன்னைக்குத் தலைக்கு ஊத்திக்கினாரே, அப்பவே பெருமாள்கிட்ட சொல்லிட்டாராம். உன்கிட்ட சொல்ல வாணாம்னாரு."

நான் அப்பா பக்கம் திரும்பினேன். ஏம்பா இப்படிப் பண்ணே, துன்னது நானு, நீ எதுக்குப்பா?

அப்பா என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நம்ம வூட்ல ஒரு புரட்டாசி குறைஞ்சி போச்சில்ல. யாராவது ஒருத்தரு இருந்து முடிக்கணும். உனக்கு இப்ப உடம்புக்கு ஆவாது."

சொல்லிவிட்டு, அம்மா பழக்கத்தில் அவர் பக்கம் வைத்திருந்த ஈரல் கிண்ணத்தை நகர்த்தி, என் இலையில் கவிழ்த்தார். பிறகு எழுந்துபோய்ச் சுத்தமாகக் கை கழுவிவிட்டு வந்து, மீதி இட்லியைச் சாப்பிட்டார்.

நான் ஒரு துண்டும் மிச்சம் வைக்கவில்லை.