அடுத்த ஏட்டின் சுரம்

பாசல்,
6 மார்ச் 1994

பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் அவர்களுக்கு,

வணக்கம். யாரென்றே தெரியாத ஒருவருக்கு நன்றி சொல்வது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. பதிப்பகத்தில் உங்கள் பெயரைக் கேட்டேன். "அதை மட்டும் கேக்காதீங்க. கடிதம் எழுதிக் குடுங்க, நாங்க சேர்த்துடறோம்" என்று சிரித்தார்கள். அச்சுக்கு முன் படித்துக் கருத்துச் சொல்பவரின் பெயரை மறைப்பது துறையின் வழக்கம் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டுப் பார்த்தேன்.

புனித வெரேனா மடத்துப் பாட்டுகளைப் பற்றிய என் புத்தகத்தை உங்களைப் போல யாரும் பொறுமையாகப் படித்ததில்லை. என் லத்தீன் பிழைகளைக்கூட மானம் போகாதபடி ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறீர்கள். உண்மையிலேயே மனம் குளிர்ந்துபோனது.

மூன்றாம் அத்தியாயத்தில்தான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அந்த மடத்துச் சகோதரிகள், ஆண்கள் மடங்களில் யாரும் தொடாத ஓர் உச்சச் சுரத்தைத் தொட்டுப் பாடினார்கள் என்பது என் கட்சி. வெரேனா பாட்டில் உள்ள ஒரே ஒரு சுரக்குறிதான் அதற்கு ஆதாரம். அதை நம்பாதீர்கள், தோல் ஏட்டை நேரில் பாருங்கள் என்கிறீர்கள். அந்த ஏடுகள் உள்ள சுவடி தையல் பிரிந்து இரண்டு வருடம் பழுதுபார்க்கப் போயிருந்தது. நான் கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்துத்தான் வேலை செய்தேன். படத்தில் அந்தக் குறி அவ்வளவு தெளிவு. மே மாதம் புத்தகம் அச்சுக்குப் போகிறது. செப்டம்பரில் வெரேனா திருநாளன்று மடத்தில் அந்தப் பாட்டை உச்சச் சுரத்தோடு பாடப் போகிறார்கள். இந்த நேரத்தில் ஒரு குறிக்காக என்னை அந்த மடம் வரை மலையேறச் சொல்கிறீர்களே, நியாயமா?

நன்றியுடனும் கொஞ்சம் கோபத்துடனும்,
ரெகுலா ஹெஃப்லிகர்

*

(பதிப்பகம் வழியாக)
15 மார்ச் 1994

அம்மையீர்,

கோபம் நல்லது. மலையேற உதவும்.

தவறு எங்கே என்று நானே சொல்லிவிடலாம். சொன்னால் நீங்கள் என்னை நம்ப வேண்டியிருக்கும். அதைவிட உங்கள் கண்ணை நம்புவது நல்லது. ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுபோங்கள்; ஏட்டுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். அதற்கு முன் அந்த வரியை ஒரு தடவை வாய்விட்டுப் பாடுங்கள். உச்சத்துக்குப் போன பிறகு அடுத்த சொல்லுக்கு மூச்சு எங்கே இருக்கிறது?

உங்களுடையது நல்ல புத்தகம். அதனால்தான் இந்தத் தொல்லை. சுமாரான புத்தகமாக இருந்தால் இரண்டு வரி பாராட்டி எழுதிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

மதிப்பீட்டாளர்

*

பாசல்,
11 ஏப்ரல் 1994

மதிப்பீட்டாளர் அவர்களுக்கு,

போனேன். மேலே இன்னும் பனி உருகவில்லை. மடத்தில் நூலகத்தையும் பாடகர் குழுவையும் பார்த்துக்கொள்ளும் பிளாசிடா சகோதரி சுவடியைக் கொண்டுவந்து வைத்தார். அந்த ஏட்டுக்குப் பின்னால் தாளைச் செருகினேன். சுரம் காணாமல் போய்விட்டது.

அங்கே இருந்தது ஒரு சிறிய ஓட்டை. அந்தக் காலத்தில், ஏட்டுக்குத் தோல் தந்த கன்றுக்குட்டியை ஏதோ பூச்சி கடித்திருக்கிறது. தோலை இழுத்துக் கட்டிக் காயவைத்தபோது தழும்பு ஓட்டையாகிவிட்டது. அதன் வழியாக அடுத்த ஏட்டின் சுரக்குறி ஒன்று எட்டிப் பார்த்திருக்கிறது. படத்தில் ஆழம் ஏது? நான் அதை இந்தப் பாட்டின் சுரம் என்று நம்பி ஓர் அத்தியாயமே கட்டிவிட்டேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுதேன்.

"என்ன ரெகுலா, சுரம் ஓடிப்போச்சா?" என்றார் சகோதரி.

"ஓடிப்போச்சு சிஸ்டர்."

"போகட்டும் விடு. அந்த இடம் வந்தாலே நம்ம குழுவுல மேல்குரல் பாடற ஊர்சுலா மூஞ்சி தக்காளியாயிடுது. அந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு இரும்புத் தொண்டை போலன்னு நெனச்சு நாங்களும் கத்திக்கிட்டுக் கெடந்தோம்."

பிறகு அவர் சொன்னதுதான் விஷயம். "பிப்ரவரில ஒரு மனுஷன் வந்தாரு. அவரும் இதையேதான் பண்ணினாரு. தாள் இல்லேன்னு தன்னோட கைக்குட்டையை ஏட்டுக்குப் பின்னால வச்சாரு. நல்லா ஏசினேன். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் கீழ்க்குரலை மட்டும் முனகிக்கிட்டே உக்காந்திருந்தாரு. பாதியிலயே இருமல். பாடறவரான்னு கேட்டேன். பாடினவன்னாரு."

லுரேன், நீதான் அது. "வாய்விட்டுப் பாடுங்கள்" என்று நீ எழுதியபோதே எனக்குச் சந்தேகம்.

நம் பழைய பாடகர் குழுவில் நீண்ட கீழ்ச்சுரத்தை நாம் இருவர்தான் பிடிப்போம். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் விட்டுவிடக் கூடாது. கேட்பவருக்குச் சுரம் அறுபடவே கூடாது. அப்படிப் பாடிய நீதான் கொலோன் மாநாட்டில் என் முதல் புத்தகத்தைப் பற்றி, அரங்கம் முழுக்க ஆள் இருக்கும்போது, "இதை எழுதியவர் ஒரு தடவைகூடப் பாடிப் பார்க்கவில்லை" என்று சொன்னாய். அன்று குழுவை விட்டேன். பதினொரு வருடமாக உன் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்தத் தடவை நீ சும்மா இருந்திருக்கலாம். புத்தகம் வந்த பிறகு எழுந்து நின்று ஓட்டையைக் காட்டியிருக்கலாம். நான் இந்தத் துறையில் தலைநிமிர்ந்திருக்க முடியாது. அதற்குப் பதிலாக அந்த இருமல் நெஞ்சோடு பனியில் மலையேறி, பெயர் போடாமல் எழுதியிருக்கிறாய். நன்றி என்ற சொல் போதவில்லை, வேறு சொல்லும் என்னிடம் இல்லை. மூன்றாம் அத்தியாயத்தை வெட்டிவிட்டேன்.

ரெகுலா

*

(பதிப்பகம் வழியாக)
28 ஏப்ரல் 1994

அம்மையீர்,

நீங்கள் குறிப்பிடும் லுரேன் யாரென்று எனக்குத் தெரியாது. மதிப்பீட்டாளருக்குப் பெயர் கிடையாது. புத்தகம் அச்சாகும்வரை அதுதான் ஒழுங்கு.

ஆனால் அப்படி ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். பிடிவாதக்காரர். கொலோனில் சொன்னதை அரங்கத்தில் சொல்லியிருக்க வேண்டாம், பார்லி சூப்புக் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு தனியாகச் சொல்லியிருக்கலாம் என்று நினைத்து நினைத்து வருந்துகிறவராம். நுரையீரல் ஒன்றை எடுத்தபிறகு பாடுவதை விட்டுவிட்டாராம்.

வெட்டிய அத்தியாயத்துக்காக அழாதீர்கள். அந்தச் சுரம் பொய் இல்லை, அடுத்த ஏட்டுப் பாட்டுக்குச் சொந்தமானது. அந்தப் பாட்டை இதுவரை யாரும் எடுத்து எழுதவில்லை. சும்மா சொல்லிவைக்கிறேன்.

மதிப்பீட்டாளர்

*

பாசல்,
19 ஜூன் 1994

மதிப்பீட்டாளர் அவர்களுக்கு,

உங்களுக்குத் தெரியாத அந்த மனிதரிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டும்.

அடுத்த ஏட்டுப் பாட்டை எடுத்து எழுதிவிட்டேன். இந்தத் தடவை தாளை வைத்துப் பார்த்தேன், வாய்விட்டுப் பாடியும் பார்த்தேன். மேலே ஒரு குரல் ஏறி இறங்குகிறது, நம் சுரம் அங்கேதான் இருக்கிறது, மூச்சுக்கு இடம் விட்டு. கீழே முதலிலிருந்து கடைசிவரை ஒரே நீளச் சுரம். திருநாள் அன்று மாலை அதைப் பாடலாம் என்று பிளாசிடா சகோதரி சொல்லிவிட்டார். "கீழ ரெண்டு பேர் வேணும் ரெகுலா. நீ ஒருத்தியா நின்னா நடுவுல செத்துப்போவ" என்கிறார்.

வேறு யாரிடமும் நான் கேட்கப் போவதில்லை. அவர் பாதி மூச்சோடு வந்தால் போதும். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ரெகுலா

*

கூர்,
22 ஆகஸ்ட் 1994

ரெகுலா,

உன் கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்தேன். பயம்தான். வேறு காரணம் இல்லை.

இன்று புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில், "என் மூன்றாம் அத்தியாயத்தைக் காப்பாற்ற மறுத்து என்னைக் காப்பாற்றியவருக்கு" என்று போட்டிருக்கிறாய். சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். பால் பொங்கி வழிந்துவிட்டது.

டாக்டரிடம் போனேன். மலைக்காற்று ஆகாது என்றார். பிடிவாதம் பிடித்ததும், "சரி, எவ்வளவு நேரம் பாடணும்?" என்று கேட்டார். "பாதிப் பாட்டுதான் டாக்டர், மீதியைப் பாட ஆள் இருக்கு" என்றேன்.

திருநாளுக்கு முந்தின நாள் மாலைப் பேருந்தில் வருகிறேன். மடத்துப் பார்லி சூப்பில் எனக்கும் கொஞ்சம் எடுத்து வைக்கச் சொல். கைக்குட்டையைப் பையிலேயே வைத்திருப்பேன் என்றும் பிளாசிடா சகோதரியிடம் சொல்லிவிடு.

புத்தகம் அச்சாகிவிட்டது. இனி மதிப்பீட்டாளருக்கு வேலை இல்லை.

லுரேன்