பாரிவாக்கம் குளத்துப் புட்டி

போன மாதம் உன் தங்கை நான் பாடம் எடுக்கும் கல்லூரிக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு செருப்பு அட்டைப்பெட்டி. "அண்ணே, ஊட்ட காலி பண்றோம். அண்ணனோட பாட்டிலெல்லாம் இன்னா பண்றதுன்னு தெரில. நீங்களே வச்சிக்கோங்க," என்றாள். திறந்ததும் ஃபார்மலின் நெடி முகத்தில் அடித்தது. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது.

ஆய்வு மாணவர்களாக இருந்தபோது மாதம் ஒருமுறை உன் வண்டியில் செம்பரம்பாக்கம் ஏரி, மாங்காட்டுக் குளம், பாரிவாக்கம் குளம் என்று சுற்றுவோம். பூந்தமல்லித் தையற்கடையில் உன் அத்தா தைத்துக் கொடுத்த மெல்லிய துணி வலைதான் நமக்குக் கருவி. அதில் சிக்குவதை ஃபார்மலின் ஊற்றிப் புட்டிகளில் அடைத்து வைப்போம். நீரில் மிதக்கும் சிற்றுயிர்களில் எது எங்கே இருக்கிறது, எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. ஏரியில் ஒரு கூட்டம், குளத்தில் வேறொரு கூட்டம். பாரிவாக்கத்தில் மட்டும் பெரிய நீர்த்தெள்ளும் சிவந்த துடுப்புக்காலியும் என்று இரண்டு சிற்றுயிர்கள் ஒவ்வொரு முறையும் சேர்ந்தே வந்தன. "ரெண்டும் நம்மள மாதிரியே கீது மச்சான்," என்பாய்.

இரண்டாம் கோடையில் அங்கே எடுத்த ஒரு புட்டியில் நீர்த்தெள்ளு மட்டுமே இருந்தது.

"வலை சரியா இறங்கலடா. இத வுட்டுடலாம்," என்றேன். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சீக்கிரம் பட்டம் வேண்டும், வேலை வேண்டும்.

நீ நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வலைய இழுத்தது நான். நல்லாதான் இறங்குச்சு. இல்லன்னா இல்லன்னு எழுது."

நான் எழுதவில்லை. அவை இரண்டும் எப்போதும் இணைந்தே வாழ்பவை என்று என் பெயரில் கட்டுரை வந்தது. உன் ஆய்வேட்டில் நீ அந்தப் புட்டியையும் கணக்கில் சேர்த்தாய். அதனால் முடிவு குழம்பி, இன்னொரு வருடம் தனியாக வலை இழுத்தாய். அந்த வருடம் முழுக்க நாம் பேசவில்லை. ஒருநாள் ஆவடி ரயில் நிலையத்தில் எதிர் நடைமேடையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் செல்போனைப் பார்த்தேன். பிறகு என் மகள் பிறந்தபோது நீயே வந்தாய். அதற்கப்புறம் பேசினோம்தான். கல்லீரல் கெட்டு நீ படுக்கும்வரை அந்தப் பேச்சை மட்டும் இருவருமே எடுக்கவில்லை.

பெட்டியில் அந்தப் புட்டியும் இருந்தது, உன் பென்சில் எழுத்தோடு. மூன்று நாள் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் பார்த்தேன். துடுப்புக்காலி ஒன்றுகூட இல்லை. மறுபடி எடுத்துப் பார்க்கலாமென்று பாரிவாக்கம் போனேன். குளம் பாதி தூர்ந்து கிடக்கிறது. கரைவரை மனைக்கல் நட்டிருக்கிறார்கள்.

இதழுக்குத் திருத்தம் எழுதி அனுப்பிவிட்டேன். "இவ்ளோ வருஷம் கழிச்சு இந்த வேல உங்களுக்கு எதுக்கு சார்?" என்றார் பக்கத்து மேசை ஆசிரியர். என்ன வருமோ, வரட்டும்.

கட்டுரையைத் திருத்த ஓர் இதழாவது இருக்கிறது. நடைமேடையில் நின்று நீ பார்த்தாயே, அந்தப் பார்வைக்கு எங்கே எழுதுவது என்றுதான் தெரியவில்லை.