திங்கட்கிழமைக் காற்று

மார்ச் 30, திங்கள்

அன்புள்ள திருகாணிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு முட்டிவலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய், அதனால்தான் லீவு நாளில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

நீ அனுப்பிய மூன்று பெட்டிகளும் வந்து சேர்ந்தன. கரடிக் கூண்டில் எல்லாவற்றையும் பொருத்த வெல்டருக்கு ஒன்றரை நாள் பிடித்தது. "என்னம்மா இது, மிருகக்காட்சி சாலையா, மாவு மில்லா?" என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். கரடி சக்கரத்தைச் சுற்ற வேண்டுமாம். மேலே மோட்டார் ஓடுமாம். மூன்று குழாயில் ஏதோ ஒன்றில் கடலையும் பழமும் விழுமாம். எந்தக் குழாய் என்று மோப்பம் பிடித்து அவன் ஓட வேண்டுமாம். ஏண்டா, தட்டில் வைத்தால் தின்ன மாட்டானா? சாப்பாட்டை இவ்வளவு கஷ்டப்படுத்திக் கொடுப்பதற்கா உன்னை அவ்வளவு தூரம் அனுப்பிப் படிக்க வைத்தேன்?

ஆனால் எங்கள் மிருக டாக்டர் சொல்வதும் புரிகிறது. வாத்தியார் இன்னும் சுவரோரமாக அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டேதான் இருக்கிறான். பரீட்சை ஹாலில் வாத்தியார் நடப்பது போல நடக்கிறான் என்றுதானே அந்தப் பேரே வைத்தோம். என் கையைத் தவிர வேறு யார் கொடுத்தாலும் தொடுவதில்லை. திங்கட்கிழமை எனக்கு லீவு என்றால் அவனுக்குப் பாதிப் பட்டினி. போன வருஷம் நான் ஆபரேஷனுக்குப் படுத்த பதினோரு நாளில் ஆள் பாதியாகிவிட்டான். மே 31-ஆம் தேதி எனக்கு ரிட்டயர்மென்ட். "அதுக்குள்ள அவன் மெஷினுக்குப் பழகணும். இல்லேன்னா அவனைக் காப்பாத்துறது கஷ்டம்மா" என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார்.

பார்ப்போம், உன் கைராசி எப்படி என்று.

பிரியமுள்ள,
அக்கா


ஏப்ரல் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, அதைப் பையில் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் காட்டுகிறாள்.

இந்த மாதிரி தீனி மெஷின் கிளிகளுக்குச் செய்திருக்கிறேன், நீர்நாய்க்குச் செய்திருக்கிறேன். ஆனால் இதற்குப் பட்ட பாடு எதற்கும் பட்டதில்லை. நீ அனுப்பிய பாதத் தடத்தை மேஜைமேல் ஒட்டி வைத்துக்கொண்டு, அவன் நகத்துக்கு ஏற்றபடி சக்கரத்தின் பிடியை நான்கு தடவை மாற்றினேன். நாலு மாதம் ஆயிற்று. அக்காவின் கரடி ஆயிற்றே, மானப் பிரச்சினை.

முதல் வாரம் பிடியில் கொஞ்சம் தேன் தடவு. காலையில் கையால் ஒரு கடலைகூடக் கொடுக்காதே. பசி இருந்தால்தான் சுற்றுவான். இது ஒன்றுதான் முக்கியம், இதை மட்டும் காற்றில் விட்டுவிடாதே. மூடிக்குள் நகம் அளவுக்கு ஒரு மெமரி அட்டை இருக்கிறது. எத்தனை தடவை சுற்றினான் என்று அது கணக்கு வைக்கும். இரண்டு வாரம் கழித்துக் கழற்றித் தபாலில் அனுப்பு.

உன் தம்பி,
திருகாணி


ஏப்ரல் 27, திங்கள்

அன்புள்ள திருகாணிக்கு,

நேற்றே அட்டையைக் கழற்றிவிட்டேன், இத்துடன் வைத்திருக்கிறேன். சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. உன் மெஷினை அவன் சீந்தக்கூட இல்லை. ஒரே ஒரு தடவை கிட்டே போனான். என்னமோ ஏதோ என்று நானும் எட்டிப் பார்த்தால், சக்கரத்தில் முதுகைச் சொறிந்துகொண்டு வந்துவிட்டான். அந்த வகையில் பிரயோஜனம்தான்.

அட்டையில் ஏதாவது எண் தெரிந்தால் அது காற்றில் சுற்றியதாக இருக்கும். இங்கே இப்போது நல்ல காற்று.

நீ மனதைத் தளர விடாதே. கிளிகளுக்குச் செய்கிறாயே, அது போதாதா? வயதான கரடியை இனிமேல் பழக்குவது நடக்கிற காரியமா? மேலாளரும், "அப்படின்னா உங்களை இன்னும் ஒரு வருஷம் வெச்சுக்குறோம், வேற வழி?" என்கிறார். எல்லாம் நன்மைக்குத்தான். முட்டிவலிக்குப் புது எண்ணெய் ஒன்று வாங்கியிருக்கிறேன், நாற்றம் தாங்கவில்லை.

அக்கா


மே 5

அக்கா,

உன்னிடம் ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்த அட்டை சுற்றுவதை எண்ணுவதோடு நிற்காது, நாளையும் நேரத்தையும் குறித்து வைக்கும்.

ஏப்ரல் 13, முப்பத்தெட்டுச் சுற்று. ஏப்ரல் 20, அறுபத்தொன்று. மற்ற நாளெல்லாம் பூஜ்யம். இரண்டுமே திங்கட்கிழமை. நீ லீவில் இருக்கும் நாளாகப் பார்த்து அடிக்கிறதே, அது என்ன காற்று அக்கா?

நீ காலையிலேயே கையால் கொடுத்துவிடுகிறாய். வயிறு நிறைந்தவன் எதற்கு வேலை செய்யப்போகிறான்?

கோபமாகத்தான் எழுதுகிறேன். நாலு மாத உழைப்புக்காக இல்லை. ஒரு வருஷம் நீட்டித்தால் அடுத்த வருஷம் என்ன செய்வாய்? உன் முட்டி எத்தனை வருஷத்துக்கு உழைக்கும்? நீ வர முடியாத அன்று அவன் அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் பட்டினியாகக் காத்துக்கொண்டிருப்பான். அதுவா உனக்கு வேண்டும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், முப்பது வருஷமாக மறைத்தது. அம்மா போனபிறகு எனக்கு ஊட்டிவிட்டது நீதான். ஹாஸ்டலில் விட்டுவிட்டு நீ போனதும் இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை, அது நிஜம். ஆனால் மாதம் முழுக்க "சாப்பாடு இறங்கவில்லை அக்கா" என்று எழுதினேனே, அது பொய். மூன்றாம் நாளே இரண்டு தட்டு சாப்பிட்டேன். தெரிந்தால் நீ வருத்தப்படுவாய் என்று பயந்தேன். சாப்பிட்டதால் உன்மேல் பாசம் குறைந்துவிடவில்லை.

தம்பி


மே 14

துப்பறியும் சிங்கத்துக்கு,

கடிதம் வந்தது. இரண்டு தட்டா? இங்கே நான் உன்னை நினைத்துப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தேனே, பாவி!

இதற்கு மேல் எழுத இஷ்டமில்லை.

அக்கா


ஜூன் 1

அன்புள்ள தம்பிக்கு,

கோபம் தீர இத்தனை நாள் ஆயிற்று. கோபம் உன்மேல் இல்லை என்று தெரிந்துகொள்ளவே பாதி நாள் போய்விட்டது.

உன் கடிதம் வந்து மெஷினை ஓட விட்ட பிறகு வந்த முதல் திங்கள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை வந்து பார்த்தால் மெஷினின் தீனிப் பெட்டி காலி. திங்கள் டியூட்டி பார்ப்பவர் சிரித்துக்கொண்டே, "அக்கா, உங்க வாத்தியார் பாஸாயிட்டார்!" என்றார். எனக்கு வயிறு எரிந்தது தம்பி. பத்தொன்பது வருஷம் என் கையில் தின்றவன், ஓர் இரும்புச் சக்கரத்துக்கு ஒரே நாளில் மசிந்துவிட்டானே என்று இருந்தது. அன்றிலிருந்தே நீ சொன்னதற்கு நேர்மாறாக, விடிந்ததும் முதல் வேலையாக அவன் வயிற்றை ரொப்பினேன். அவனுக்குக் கெடுதல் என்று தெரிந்தேதான் செய்தேன். அவனும் தேடாவிட்டால் அப்புறம் என்னை யார் தேடுவார்கள் என்ற பயம். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

உனக்கு அந்த நாலு வரி எழுதிப் போட்ட மறுநாள் கையைக் கட்டிக்கொண்டேன். தீனி அறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவன் வந்து கம்பியில் மூக்கை வைத்து முனகினான். நாற்பது நிமிஷம் முனகினான். நான் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். கதவுத் தாழ்ப்பாளில் இரண்டு தடவை கை வைத்து எடுத்தேன். அப்புறம் முனகல் நின்றது. கொஞ்ச நேரத்தில் கடகடவென்று சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது.

அடுத்த நாள் முனகல் பத்து நிமிஷம்தான். அதற்கடுத்த நாள் அதுவும் இல்லை. முதல் குழாயில் மோப்பம் பிடித்து ஏமாந்துபோய், பின்னங்காலில் நின்று மூன்றையும் முறைத்துப் பார்த்தானே, அதை நீ பார்த்திருக்க வேண்டும்! டாக்டரும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். சுவரோர நடை பாதியாகக் குறைந்துவிட்டது. எடை ஏழு கிலோ ஏறியிருக்கிறது. மேலாளரிடம் நானே போய், "நீட்டிப்பு வேண்டாம் சார், அவன் பொழச்சுக்குவான்" என்று சொல்லிவிட்டேன்.

நேற்று கடைசி நாள். சாவியை ஒப்படைத்துவிட்டுக் கூண்டுப் பக்கம் போனேன். "டேய் வாத்தியார்" என்று கூப்பிட்டேன். அவன் அப்போதுதான் சக்கரத்தைச் சுற்றிவிட்டு நடுக் குழாயைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தான். காது மட்டும் லேசாக அசைந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் வந்திருப்பான், எனக்குத் தெரியும். நான் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதேன். அழுது முடித்ததும் பசித்தது. எழுந்துபோய்ச் சமைத்துச் சாப்பிட்டேன்.

நன்றாகத்தான் செய்திருக்கிறாய் தம்பி.

உன்,
அக்கா