அப்பாக்களுக்கும் ஒரு வகுப்பு

மார்ச் 4, செவ்வாய்
மகளுக்கு இன்று ஐம்பது நாள். தடுப்பூசி போட்ட நர்ஸ் ஒரு தாளை நீட்டினார். ஞாயிறுதோறும் புதுப் பெற்றோருக்கு வகுப்பாம்; வீட்டில் எங்கள் கையாலேயே பிள்ளைக்கு விபரீதம் எதுவும் நடக்காமல் தடுப்பதற்காம். எனக்குச் சுருக்கென்றது.
“நாங்க என்ன தப்பு பண்ணோம்?”
“ஒண்ணும் பண்ணலைங்க. அதனாலதான் இப்பவே கூப்பிடுறோம்.”
இதெல்லாம் ஒரு பதிலா?

மார்ச் 9, ஞாயிறு
மனைவி மட்டும் போய்வந்தாள். மொத்தமே நாலு பேராம். இன்னும் குறைந்தால் நிறுத்திவிடுவார்களாம். நிறுத்தட்டுமே.
அவள் சொன்னாள்: “அழுகை தாங்க முடியலைன்னா பிள்ளைய படுக்க வச்சிட்டு வெளிய போயிடணுமாம். கோவத்துல உலுக்கினா உசுருக்கே ஆபத்தாம்.” இதைச் சொல்ல ஒரு வகுப்பு!

மார்ச் 13, வியாழன்
பணிமனையில் இன்று ஒரு பஸ் சக்கரத்தில் ஒரு நட்டை முறுக்காமலே விட்டுவிட்டேன். நல்லவேளை, போர்மேன் பார்த்தார். தூக்கம் போய் எத்தனை நாள்! ராத்திரியில் மகள் மூன்று மணி நேரம் விடாமல் அழுகிறாள். பால் கொடுத்தாச்சு, துணி மாத்தியாச்சு — இன்னும் என்னதான் வேணும் இவளுக்கு?

மார்ச் 15, சனி
மனைவி மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். பிள்ளை வீறிட்டாள். தோளில் போட்டேன், நடந்தேன், பாடினேன். நிற்கவில்லை. திடீரென்று பார்த்தால், இரண்டு கையாலும் அவளை முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறேன். விரல்கள் இறுகியிருக்கின்றன.
உலுக்கியிருப்பேன். ஐயோ, உலுக்கியே இருப்பேன்.
தொட்டிலில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். நான் எப்படிப்பட்ட ஆளு?

மார்ச் 16, ஞாயிறு
வகுப்புக்குப் போனேன். எல்லோரும் கிளம்பியபின் நர்ஸிடம் சொன்னேன். பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயம்.
“கீழ வச்சீங்கல்ல? அதுக்குத்தான் இந்த வகுப்பே. ஆனா நடக்காததை நான் எப்படி எண்ணிக் காட்டுறது? எத்தனை பிள்ளைய காப்பாத்தினீங்கன்னு மேலதிகாரிங்க எண்ணிக்கை கேக்குறாங்க” என்றார். பிறகு, “வீட்ல சொல்லிட்டீங்களா?”

மார்ச் 17, திங்கள்
சொன்னேன். மனைவி சண்டைக்கு வருவாள் என்றுதான் நினைத்தேன். பிள்ளையின் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்:
“எனக்கும் ரெண்டு தடவ அப்படி வந்துச்சு. உங்ககிட்ட சொல்லப் பயம்.”

மார்ச் 23, ஞாயிறு
மைத்துனன் வீட்டில் அடுத்த மாதம் பிரசவம். முனகமுனக அவனையும் இழுத்துக்கொண்டு போனேன். இந்த வாரம் வகுப்பில் ஆறு பேர்.

ஏப்ரல் 2, புதன்
பணிமனைக்கு மனைவியின் போன் வந்தது. “என்னால முடியல, வாங்க.” கிரீஸ் கையோடு ஓடினேன். மகள் தொட்டிலில் கத்திக்கொண்டிருந்தாள். மனைவி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன்.
ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினேன். போர்மேன், “அப்படி ஓடினியே, வீட்ல என்னய்யா ஆச்சு?” என்றார்.
“ஒண்ணும் ஆகல சார்” என்றேன்.