உன் வீட்டுக்காரருக்கு நான் சோறு போடுவதில்லை, அக்கா

என்னைத் திட்டாமல் ஒரு நாளும் விடாத என் அன்பு அக்காவுக்கு,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம், உனக்குச் சொல்ல என்னிடம் நல்ல சேதி எதுவும் இல்லை. இப்போது சொல்லப்போவதும் நல்ல சேதியா என்று தெரியவில்லை. கேட்டால் முதலில் சிரிப்பாய், பிறகு என்னை அடிக்க வருவாய்.

உன் வீட்டுக்காரர் தினமும் மதியம் என் மெஸ்ஸுக்குச் சாப்பிட வருகிறார். அசோக் நகரிலிருந்து மந்தைவெளிக்கு, இந்த வெயிலில், ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு. அவருக்குச் சமைக்கத் தெரியாது. உன் மகள் நித்யா காலையிலேயே நந்தனத்துக்கு ஆபீஸ் போய்விடுகிறாள். வேறு எங்கே போவார்? உன் காரியம் முடிந்த நாளிலிருந்து அவரோடு பேசாமல் இருந்த நான், அவர் முதல் நாள் வாசலில் வந்து நின்றபோது "வாங்க மாமா" என்று வாய் நிறையக் கூப்பிட்டேன். அதில் பாசம் ஒரு துளிகூட இல்லை.

அவருக்கும் சர்க்கரை வந்துவிட்டது என்று நித்யா போனில் சொல்லியிருந்தாள். சோற்றைத் தொடக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். நம் மெஸ் வழக்கம் நீ அறிந்ததுதானே. சாப்பிடுகிறவர் இலைக்கு மேல் கையை நீட்டி மறைக்கிற வரைக்கும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், போதுமா என்று நாமாகக் கேட்கக் கூடாது. அவர் கையை நீட்டுகிற ஆளே இல்லை. வேறு யாரையும் விடாமல் நானே வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். சாம்பாருக்கு, வத்தக்குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று சோற்றைக் குவித்தேன். ஞாயிற்றுக்கிழமை பாயசம் இரண்டு கிண்ணம்.

மூன்று வாரம் இப்படிப் போட்டேன். தின்னட்டும், தின்று உன்னைப் போலவே கால் எரிந்து கிடக்கட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு கரண்டியும் போட்டேன். செத்தவளிடம் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது?

நான் நினைத்தது தப்பா? நீயே சொல். உனக்கும் டாக்டர் இதே பத்தியத்தைத்தான் சொன்னார். சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி, இனிப்பு எதுவும் வேண்டாம்; முட்டை, மீன், கீரை, நெய், தேங்காய் என்று சாப்பிடுங்கள் என்று சொல்லி, அதற்குத் தக்கபடி மாத்திரையையும் குறைத்துக் கொடுத்தார். நீ பதினொரு நாள் அப்படி இருந்தாய். தினமும் சாப்பிட்டு முடித்ததும் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாய். பத்தாம் நாள் அனுப்பியதில் உன் குரலே வேறு மாதிரி இருந்தது. "தம்பி, எரிச்சல் கொறைஞ்சிருக்குடா. கால்ல பொடவ பட்டாகூட இப்ப ஒண்ணும் தெரியல."

அதற்கு மறுநாள்தான் உன் வீட்டுக்காரர் தன் தட்டைத் தள்ளினார். ஒரு வீட்டில் இரண்டு சமையல் ஆகாது, வீட்டுப் பெண்பிள்ளை சோற்றை ஒதுக்கினால் குடும்பம் விளங்காது என்று அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்தவர், நீ சோறு சாப்பிடுகிற வரை தானும் சாப்பிடுவதில்லை என்று பட்டினி கிடந்தார். சொந்தக்காரர்கள் அதைப் பாசம் என்றார்கள். அடுத்த நாள் மதியம் நீ பயந்துபோய் அவர் முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாய். அதோடு உன் பத்தியம் முடிந்தது. அப்புறம் கால் விரலில் புண், அப்புறம் சிறுநீரகம். மற்றதை நான் எழுத வேண்டியதில்லை.

ஒரு சனிக்கிழமை அவரோடு நித்யாவும் மெஸ்ஸுக்கு வந்தாள். வாளியோடு நின்ற என்னையும் அவர் இலையையும் மாறி மாறிப் பார்த்தாள். கை கழுவுகிற இடத்துக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அப்பாவின் கட்டைவிரலில் சின்னதாக ஒரு புண் வந்து ஆறாமல் இருக்கிறது என்றாள். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"அம்மாவ அவரு சாப்பிட வெச்சே கொன்னாரு. இப்ப அவர நீங்க சாப்பிட வெக்கிறீங்க மாமா. அப்புறம் நான் யாரோட இருக்கறது?"

அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே, அது அப்படியேதான் இருந்தது. ஆனால் அவருக்குச் சோறு போட்டுப் பழிவாங்கினால் அது உன் மகள் தலையில் விடியும் என்று புரிந்தது. சோறு போடாமல் பழிவாங்கலாமே என்று அப்போதுதான் தோன்றியது.

திங்கட்கிழமை நித்யா அவரை உன் டாக்டரிடமே அழைத்துப் போனாள். உனக்குச் சொன்ன அதே சாப்பாட்டைச் சொல்லி, மாத்திரையைக் குறைத்து, வாரம் ஒரு முறை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார். மறுநாள் அவர் இலையில் இரண்டு அவித்த முட்டை, நெய் விட்ட கீரைக் கடைசல், வஞ்சிரம் வறுவல் வைத்தேன். அவ்வளவுதான். நம் சமையல்காரி கன்னியம்மாவுக்கே பொறுக்கவில்லை. "இன்னா நைனா, எலைல சோறே இல்லாம கீது? பாக்கவே நல்லா இல்லியே" என்றாள். நன்றாக இருக்க வேண்டாம் என்று அவள் வாயை அடைத்தேன்.

"என்னடா இது?" என்றார் அவர்.

"அக்கா சாப்பாடு, மாமா."

இதையெல்லாம் செய்ய எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்பாய். நீதான். அந்தப் பதினொரு மெசேஜும் என் போனில் அப்படியே இருக்கின்றன. மீன் வறுக்கும்போது அரிசி மாவு தூவக் கூடாது, குழம்பு கெட்டிப்பட மாவு கரைத்து ஊற்றக் கூடாது, ரசத்தில் வெல்லம் கூடாது என்று எல்லாம் சொல்லியிருக்கிறாய். அதற்கு அன்றைக்கு நான் என்ன பதில் அனுப்பினேன்? சோறு விற்கிறவனுடைய அக்காவே சோறு வேண்டாம் என்றால் என் பிழைப்பு என்ன ஆவது என்று கேலி செய்தேன். அவர் தட்டைத் தள்ளியது தெரிந்தும், புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று வராமல் இருந்தேன். அதனால் இப்போது நானும் அவர் எதிரில் உட்கார்ந்து அதையேதான் தின்கிறேன். என்னையும் சும்மா விடப்போவதில்லை.

மூன்றாம் நாள் அவருக்குத் தலைவலி, அசதி, சிடுசிடுப்பு. பக்கத்து இலையில் பொன்னி அரிசிச் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. கண்ணை அங்கிருந்து எடுக்காமல், ஒரே ஒரு கரண்டி போடு என்று கெஞ்சினார். யாரிடமும் கெஞ்சாத மனிதர். எனக்கு அது எவ்வளவு இனித்தது தெரியுமா? போனை எடுத்து மேஜையில் வைத்து உன் மூன்றாம் நாள் மெசேஜைப் போட்டேன்.

"மூணாம் நாளுடா தம்பி. தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. டாக்டரக் கேட்டேன், எலும்பு சூப்ல உப்புப் போட்டுக் குடிக்கச் சொன்னாரு. ரெண்டு நாள்ல சரியாயிடுமாம்."

அவர் கை இலையிலேயே நின்றுவிட்டது. அவருக்கும் அதைக் கொடுக்கலாமா என்று நித்யா டாக்டரிடம் கேட்டுச் சொல்லியிருந்தாள், அதனால் சூப் தயாராக இருந்தது. கொண்டுவந்து வைத்தேன், குடித்தார்.

அதிலிருந்து நாளுக்கு ஒன்றாகப் போட்டேன். பதினோராம் நாள் மெசேஜில் அவர் குரலும் இருக்கிறது, உனக்குத் தெரியுமா? நீ முட்டைக்கோஸ் பொரியலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பின்னால் எவர்சில்வர் தட்டு இழுபடுகிற சத்தம் கேட்கிறது. "நீ சோறு சாப்டலன்னா எனக்கும் வேணாம், எடுத்துக்கினு போ." நீ பாதியிலேயே நிறுத்திவிட்டாய். இதை அவர் காதில் போடுவதற்காகத்தான் பத்து நாள் பொறுத்திருந்தேன். மெஸ்ஸில் நல்ல கூட்டம், சத்தத்தைக் கூட்டி வைத்தேன். இலையில் இருந்ததைத் தின்றுவிட்டு எழுந்து போனார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

மறுநாள் வரமாட்டார் என்று நினைத்தேன். ஒரு மணி ஆனதும் வாசலைப் பார்க்க ஆரம்பித்தேன், ஏன் என்று கேட்காதே. ஒன்றேகாலுக்கு வந்தார். எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து என் போனைப் பார்த்தார்.

"இன்னைக்கு அவ என்னடா சாப்ட்டா?"

"சோறு, மாமா. உங்களுக்காக."

எல்லோரும் பார்க்க அழுதார், அக்கா. எனக்குப் பாவமாக இல்லை. சரி, கொஞ்சம் இருந்தது. ஆனாலும் அவருக்குச் சோறு போடவில்லை. முட்டையும் கீரையும் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

இதெல்லாம் நடந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் தினமும் வருகிறார். சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று நித்யா சொன்னாள். கட்டைவிரல் புண் ஆறிக்கொண்டு வருகிறது. அவர் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் குனிந்து பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க ஆத்திரம் பொங்குகிறது. இவ்வளவு லேசாக உனக்கும் ஆறியிருக்குமே, அக்கா.

அவரைச் சாக விடமாட்டேன், இது சத்தியம். நித்யாவின் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சுகிற வரைக்கும் அவர் இருக்க வேண்டும். நீயும் இருந்திருக்கலாம் என்பது ஒவ்வொரு வாய்க்கும் நினைவுக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். எனக்கும்தான்.

அன்றைக்கு வாய் திறக்காத உன் தம்பி,
செல்வம்