நீங்கள் சொல்லாத நுளம்புத்திரி

மச்சாள்,

செவ்வாய்க்கிழமை காலை ஆரணி பெயின்ற் கரைக்கிற தின்னர் போத்தல் ஒன்றுடன் வீட்டுக்குள் வந்தாள். மூடி இறுகத்தான் பூட்டியிருந்தது. ஆனாலும் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் எனக்கு மணம் பிடித்துவிட்டது. குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையைக்கூடக் கழுவாமல் வெளியே வந்தேன்.

“என்னத்துக்கடி இது?”

“அம்மாவின்ர கட்டிலைத் திருத்தப் போறன் மாமி. ஒன்பது வருசமாச் சும்மாதானே கிடக்கு.”

உங்கள் மகள் இப்போது உங்கள் உயரம் வந்துவிட்டாள். கதைக்கும்போது ஒரு பக்கத் தோளை உயர்த்துவதும் உங்களைப் போலத்தான். அந்தக் கட்டிலை நாங்கள் சாமான் அறையில் சுவரோடு சாய்த்து, பழைய சேலையால் மூடி வைத்திருந்தோம். எறிய என் மனுசன், உங்கள் தம்பி, விடவில்லை. பார்க்க எனக்கு மனமில்லை. ஆரணி சேலையை உருவியபோது தலைமாட்டுப் பலகையில் கரி பிடித்த இடம் அப்படியே இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்டால் என்ன காரணம் சொல்வது?

அவள் அதைப் பல்கணிக்கு இழுத்துக்கொண்டுபோய், கதவு ஜன்னலெல்லாம் திறந்து வைத்துவிட்டுத் தேய்க்கத் தொடங்கினாள். சாண்ட்பேப்பரின் சத்தம் கீழே ரயில் போகும்போது மட்டும் கேட்கவில்லை. மற்ற நேரமெல்லாம் கேட்டது. நாலு நாளாக அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் நான் சமைத்தேன், உடுப்புத் தோய்த்தேன்.

அத்தான் காலமான பிறகு நீங்களும் ஆரணியும் கொட்டாஞ்சேனை வீட்டை விட்டு எங்களோடு வெள்ளவத்தைக்கு வருவது என்று முடிவான அந்த மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் வீட்டில் உங்களுக்குக் கொடுக்க இருந்தது ஒரு சின்ன அறை. சுவரில் ஈரக்கறை, மேலே ஒரு பல்ப், அவ்வளவுதான். உங்கள் தம்பி பரிதாபமாக என்னைப் பார்த்தார். நீங்களோ இடுப்பில் கையை வைத்து அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “இதை ஒரு ராசாத்தியின்ர அறையா மாத்திக் காட்டிறன், பாத்துக்கொண்டு இரும்” என்றீர்கள்.

மாற்றியும் காட்டினீர்கள். கொட்டாஞ்சேனையில் மிச்சமிருந்த இரண்டு அரை டின் பெயின்றை ஒன்றாகக் கலக்கி, ஊறவைத்த பாசிப்பயறு நிறத்தில் ஒரு பச்சை பிடித்தீர்கள். என் கல்யாணக் காலத்துச் சேலை ஒன்று திரைச்சீலையானது. உங்களது இரண்டு சேலைகள் மெத்தை உறையாயின. ஒரு கால் ஆடிய பழைய மேசையைத் தலைகீழாகப் போட்டு, நாலு காலையும் ஒரே அளவுக்கு அறுத்து, ஆரணிக்குப் படிக்கும் மேசையாக்கினீர்கள். நான் பக்கத்தில் நின்று ஆணியும் சுத்தியலும் எடுத்துக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்த மாதம் வேறில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு கட்டில் வந்தது. பொரளையில் ஒரு வீட்டார் வெளிநாடு போவதற்காகச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். இரட்டைத் தேக்கங் கட்டில், தலைமாட்டில் திராட்சைக்கொடி செதுக்கியது. அவ்வளவு மலிவாக ஏன் கொடுக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்டேன். அந்த வீட்டுப் பெண் மறைக்கவில்லை. அவளுடைய தகப்பன் அதில்தான் இரண்டு வருடம் படுத்த படுக்கையாய்க் கிடந்து போனாராம். திரும்பி வரும் வழியில் லொறிக்காரனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நான் உங்களிடம், “மச்சாள், வீட்டில சொல்லாமல் விடுவமே?” என்றேன். அப்போதே எனக்குப் பொய் சொல்லத்தான் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

நீங்கள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டீர்கள்.

அவர் கதிரையை விட்டு எழும்பவே இல்லை. “செத்த மனுசன்ர கட்டிலில என்ர பேத்தியைப் படுக்க வைக்கப் போறியே?”

“அம்மா, தின்னர் போட்டு அடிவரைக்கும் துடைக்கப் போறன். அவரின்ர மணமும் போயிடும், உங்கட பயமும் போயிடும்.”

மணம் போனது. ஆனால் தின்னர் மணம் வந்து குடியேறிவிட்டது. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ரயில் பாதை மட்டும்தான். அந்த ஈரக் காற்றுப் பட்டால் தின்னர் கலந்து பூசிய பொலிஷ் வெள்ளை பூத்துவிடும். முதல் பூச்சு அப்படித்தான் பாழாய்ப் போனது. மறுபடி எல்லாவற்றையும் தின்னரால் கழுவி எடுத்தீர்கள். இந்த முறை ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் பழந்துணியைத் திணித்து, எங்கள் எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டு, ஒரு வாத்தியார் மாதிரி விரலை நீட்டிச் சொன்னீர்கள்: “மூண்டு நாளைக்கு இந்த அறைக்குள்ள ஒரு நெருப்புக்குச்சிகூட வரக்கூடாது. விளங்குதோ?”

எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

இரண்டாம் நாள் எனக்குத் தலையிடித்தது. சோற்றில், தேத்தண்ணீரில், தலையணையில்கூட அந்த மணம். கதவடியில் நின்றால் கால் பக்கம்தான் கூடுதலாக மணக்கும். ஏதோ நிலத்தோடு ஊர்ந்து வருவது போல இருந்தது. உங்களிடம் சொன்னேன். “பாரமான காத்து, கீழதான் நிக்கும்” என்று நீங்கள் சாதாரணமாகச் சொன்னீர்கள். எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. பிடிக்காததை அதற்குமேல் நான் யோசிக்கவும் இல்லை.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. ஆரணி ரியூசன் வகுப்புக்குப் போயிருந்தாள். உங்கள் தம்பி கூடத்தில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு வைத்த கையோடு உங்கள் அம்மா குசினிக்குள் வந்தார்.

“நாளைக்குப் பிள்ளை அதில படுக்கப் போறாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஒரு சாம்பிராணியாவது காட்டாமல் எப்பிடி? அவள் குளிக்கிறாள். நீர் ஒருக்கால் டக்கெண்டு காட்டிப்போட்டு வாரும்.”

குளியலறையில் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான் காஸ் அடுப்பில் தேங்காய்ச் சிரட்டைத் துண்டுகளைப் பிடித்துத் தணலாக்கித் தூபக்காலில் போட்டேன். நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை, மச்சாள். அதுதான் கொடுமை. நன்றாக நினைவிருந்தது. நெருப்புக்குச்சி கூடாது என்றீர்கள், விளக்குக் கூடாது என்று நானே சேர்த்துக்கொண்டேன். இது வெறும் தணல்தானே என்று நினைத்தேன். சுவாலை இல்லாதது நெருப்பில்லை என்று எந்த மூளை கெட்டவள் நினைப்பாள்? நான் நினைத்தேன்.

கதவைத் திறந்து ஒரு அடி வைத்தேன். நீங்கள் வாளியை நிரம்ப விட்டுவிட்டு, கடைசியாக ஒரு தடவை துடைக்கவென்று திரும்பி வந்திருந்தீர்கள். கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால் குந்தியிருந்தீர்கள், கையில் தின்னர் ஊறிய துணி. நிமிர்ந்து பார்த்தீர்கள். “ஐயோ, வெளியில கொண்டு போம்” என்றீர்கள். நான் சாம்பிராணிப் பொடியை அப்போதுதான் தூவியிருந்தேன். அது குப்பென்று பற்றியது. என் காலடியிலிருந்து உங்கள் பக்கமாக நிலத்தில் நீலமாக ஒன்று ஓடியது.

நான் தூபக்காலைப் போட்டுவிட்டு ஓடிவிட்டேன்.

உங்கள் தம்பிதான் ஈரப் போர்வையோடு உள்ளே பாய்ந்தார். அவருடைய இரண்டு கையிலும் இன்றும் தழும்பு இருக்கிறது. என் கையில் ஒரு கொப்புளம்கூட இல்லை. உங்கள் இருவரையும் ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு வீட்டில் நானும் உங்கள் அம்மாவும் தனியே நின்றோம். அவர் உள்ளே போய், தூபக்காலை எடுத்து, கழுவித் துடைத்து, சுவாமி அறையில் அதன் இடத்தில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். போன வருடம் அவர் கண்ணை மூடும் வரை அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு சொல் கதைத்ததில்லை. மூலையில் ஒரு பழைய நுளம்புத்திரித் தட்டு கருகிக் கிடந்தது. பெயின்ற் அடித்த நாளில் நுளம்பு கடிக்கிறதென்று யாரோ கொளுத்தி வைத்தது. பொலிஸ்காரர் வந்து அதைத்தான் முதலில் பார்த்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் எடுக்க அதே பொலிஸ்காரர் வந்தார். உங்களுக்குச் சந்தைச் சிங்களம் மட்டும்தான் வரும். குரலும் அரைவாசி போயிருந்தது. கொழும்பில் பிறந்தவள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். உங்கள் வாயருகில் காதை வைத்துக் கேட்டுச் சிங்களத்தில் சொல்ல வேண்டியது என் வேலை. உங்கள் தம்பி கட்டுப் போட்ட கையோடு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

“இவதான் தணல் கொண்டு வந்தவ” என்றீர்கள்.

பொலிஸ்காரர் பேனையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறைக்குள் நுளம்புத்திரியைத் தானே கொளுத்தியதாகச் சொல்கிறார் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் எழுதினார். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது நீங்கள் மறுபடி வாயைத் திறந்தீர்கள்.

“இவவில பிழையில்லை. தெரியாமல் செய்தவ. என்ர பிள்ளையை இவவே பாக்கட்டும். பிள்ளைக்குச் சொல்லுங்கோ, அம்மா அந்த அறையை அவளுக்காகத்தான் செய்தவ எண்டு.”

“மொகத கியன்னே?” என்றார் பொலிஸ்காரர். என்ன சொல்கிறார் என்று.

முதல் பொய்க்குப் பிறகு இதை எப்படிச் சொல்வது? எதில் பிழையில்லை என்று அவர் கேட்பாரே? தண்ணீர் கேட்கிறார் என்றேன்.

ஒரு தாதி வந்து பஞ்சால் உங்கள் உதட்டை நனைத்தாள். நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். உங்களுக்கு அந்த அளவு சிங்களம் தெரியும், மச்சாள். தண்ணீருக்கு வத்துர என்ற சொல் எந்தச் சந்தையிலும் கேட்கும். அடுத்த நாள் விடிய நீங்கள் போய்விட்டீர்கள்.

அதன் பிறகு அது வீட்டின் கதையாகிவிட்டது. “அக்கா எப்பவும் அவசரக்காரி. எங்களுக்கு அவ்வளவு சட்டம் போட்டுட்டுத் தானே போய் நுளம்புத்திரி கொளுத்தியிருக்கிறா” என்று உங்கள் தம்பி வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். பாதிக் கோபம், பாதி அழுகை. ஆரணி கேட்டுக்கொண்டே வளர்ந்தாள். பதினைந்து வயதில் ஒரு நாள், “அம்மா என்னைப் பற்றி யோசிச்சிருந்தா அப்பிடிக் கவனமில்லாமல் இருந்திருப்பாவா?” என்று என்னைக் கேட்டாள். நான் அவளுடைய தலையைத் தடவிக் கொடுத்தேன். அதைவிடக் கேவலமாக நான் எதையும் செய்ததில்லை.

நேற்று மத்தியானம் கட்டிலுக்கு முதல் பூச்சு முடிந்தது. வெள்ளை பூத்திருந்தது. அதற்கு அவள் சலித்துக்கொள்ளவில்லை. தூரிகையை டின்னின் மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“மாமி, இதைப் பூசிப் பாத்தவைக்கு ஒண்டு விளங்கும். மூண்டு நாள் இந்த மணத்தோட மினக்கெட்ட ஆள், அதுவும் அம்மா, உள்ள இருந்துகொண்டு நுளம்புத்திரி கொளுத்தமாட்டா. அண்டைக்கு என்ன நடந்தது?”

சொல்லிவிட்டேன். நின்ற இடத்திலேயே, கீரைச் சட்டி அடுப்பில் அடிப்பிடிக்க, எல்லாவற்றையும் சொன்னேன். தணலை, நான் ஓடியதை, சிங்களத்தில் சொன்ன இரண்டு பொய்களை. நீங்கள் சொன்ன வார்த்தைகளை ஒன்றும் குறையாமல் சொன்னேன். ஒன்பது வருடமாகத் தினமும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தவை அவை. என் குரலில் அல்ல, உங்கள் குரலில்தான் வந்தன.

அவள் அழுவாள், கத்துவாள், தூரிகையை என் மேல் எறிவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

“அப்ப அம்மா தண்ணி கேக்கேல்லையா?” என்றாள்.

நான் அதை இங்கே சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, அம்மா கடைசியாக என்ன சொன்னா என்று அந்தப் பதினொரு வயதுப் பிள்ளை கேட்டாள். தண்ணி கேட்டவ என்றேன். அன்று தொடங்கி அவள் காலையில் எழும்பி முகம் கழுவியதும் உங்கள் படத்துக்கு முன்னால் ஒரு தம்ளர் தண்ணீர் வைப்பாள். பரீட்சை நாளிலும் வைத்தாள், காய்ச்சலில் கிடந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தும் வைத்தாள். தாய் தண்ணீர் விடாயோடு போனாள் என்று நினைத்திருந்த பிள்ளை வேறென்ன செய்யும்?

“கேக்கேல்லை” என்றேன்.

“என்னைப் பற்றித்தான் கதைச்சவ.”

“ஓம்.”

அவள் எழும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உங்கள் தம்பிக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அவள் சொல்வாளோ, நான்தான் சொல்ல வேண்டுமோ, தெரியவில்லை. அவருடைய கைத் தழும்பு கண்ணில் படும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். பிள்ளையை இவவே பார்க்கட்டும் என்றீர்கள். பார்த்தேன், குறை வைக்கவில்லை. ஆனால் நீங்கள் தந்த அந்த உரிமையை ஒளித்து வைத்துவிட்டு, தருமத்துக்கு வளர்ப்பவள் போல வளர்த்தேன்.

இன்று காலை ஆரணி முகம் கழுவிவிட்டு உங்கள் படத்தைத் தாண்டி நடந்து போனாள். படத்தின் முன்னால் தம்ளர் இல்லை. என்னால் அந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. நானே ஒரு தம்ளர் எடுத்து நிரப்பிக்கொண்டு போனேன். படத்துக்கு முன்னால் போய் நின்ற பிறகுதான், நீங்கள் இதைக் கேட்கவேயில்லை என்பது உறைத்தது. வைக்கவும் முடியவில்லை, திருப்பி ஊற்றவும் மனம் வரவில்லை. தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன், மச்சாள்.